மேடைப் பக்கத்து நாற்காலி

நாச்சிமுத்து தமது அறுபத்தெட்டாவது வயதில் சீடரானார். குரு அவரைவிட இருபத்தேழு வயது இளையவள்.

குருவின் பெயர் ஜெயசீலி. சிங்காநல்லூரில், மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் மதிலுக்கு எதிரே சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். ஆம்ப்ளிஃபையர், டேப் டெக், ஸ்பீக்கர், எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பாள். பேச்சு குறைவு. அவளுடைய அப்பா அருளப்பன் அந்த வட்டாரத்துத் தொழிலாளர் கூட்டங்களுக்கெல்லாம் மைக்செட் போட்டவர். இப்போது உயிரோடு இல்லை.

நாச்சிமுத்து அந்த மில்லின் சங்கத் தலைவராக இருந்தவர். மில் போன பிறகும் தலைவராகவே இருந்தார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தார். பிறகு துண்டறிக்கைகளை எழுதினார். அவரோடு மேடையேறிய ஒருவர் பின்னாளில் கல்யாண மண்டபம் கட்டினார். இன்னொருவர் முதலாளியின் மகனுக்குத் தேர்தல் வேலை பார்த்தார். நாச்சிமுத்து யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

எல்லோரும் அவரைத் தோழர் என்று கூப்பிட்டார்கள்.

கடைக்கு முதல் நாள் வந்தபோது கையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. புகை வந்துவிட்டது என்றார். ஜெயசீலி மூடியைக் கழற்றினாள்.

"ஆருங்க ஒயர் குடுத்தது?"

"நான்தான்."

"ஆரு சொல்லிக்குடுத்தாங்க?"

"எனக்கு எவனும் எதுவும் சொல்லிக்குடுத்ததில்லை அம்மிணி. எல்லாம் நானாக் கத்துக்கிட்டது."

"அது தெரியுதுங்க," என்றாள்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பிறகு ஒரு நாள் அவள் ஸ்டூலையும் சால்டரிங் அயர்னையும் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அப்படித்தான் சீடரானார்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். கை நடுங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் விடவில்லை.

"வாத்தியாரம்மா, எங்க வீட்டு செட்டுல முதல்ல எதை மாத்தறது? டெக்கா, ஆம்ப்ளிஃபையரா, ஸ்பீக்கரா?"

முதல் முறை கேட்டபோது அவள் டெக்கைக் கொண்டுவரச் சொல்லி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதில் நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தாள். பஞ்சு கறுத்துப்போனது. அதை அவர் முன்னால் வைத்தாள். அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. டவுன்ஹால் கடைவீதிக்குப் போய்ப் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கிவந்தார்.

அடுத்த வருடம் மறுபடியும் கேட்டார்.

"தோழர், மில்லுல மெஷின் சரியா ஓடலைன்னா முதல்ல எதை மாத்துவீங்க?" என்றாள் ஜெயசீலி.

"முதலாளியை."

"மாத்துனீங்களா?"

அவர் எழுந்து போய்விட்டார். நான்கு நாள் கடைப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். அவள் நல்லதுங்க என்றாள்.

மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரலில் அவசரம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணே ஒண்ணு மாத்தலாம். எதுன்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமை என்னங்க?"

"தாராபுரத்துல இருந்து தமயந்தி வர்றா."

"ஆருங்க அது?"

"சின்னையன் மக."

ஜெயசீலி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அந்தத் தெருவில் சின்னையன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. தொண்ணூற்றிரண்டாம் நாள் மில் வாசலில் கூட்டம். கேட்டதில் பாதியைத் தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போவதா, முழுவதற்கும் நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நாச்சிமுத்து மேடையில் ஒரு மணி நேரம் பேசினார். கூட்டத்தின் கடைசியில் இருந்த சின்னையன் எழுந்து, கையை உயர்த்தி ஏதோ சொன்னார். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத மனிதர் அவர். அதனால் எல்லாத் தலைகளும் திரும்பின. நாச்சிமுத்து மைக்கைப் பிடித்து, "பாருங்கள், தோழர் சின்னையனே சொல்லிவிட்டார், தொடர்வோம்!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

தொடர்ந்தார்கள். நூற்று நாற்பதாம் நாள் மில்லை மூடினார்கள். பிறகு திறக்கவில்லை.

சின்னையன் கிணறு வெட்டப் போனார். பாறைக்கு வைத்த வெடியில் செத்துப்போனார். மில் போன பழி யார் மேலாவது விழ வேண்டியிருந்தது. அது முதலாளி மேல் விழவில்லை. தலைவர் மேலும் விழவில்லை. சின்னையன் பேச்சைக் கேட்டுக் கெட்டோம் என்றார்கள். சின்னையன் உயிரோடிருந்தவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. கூட்டம் எடுத்த முடிவைப் பற்றி வெளியில் மாற்றிப் பேசக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. விதியை எழுதியவர் நாச்சிமுத்து.

"எதுக்குங்க வர்றாங்க?" என்றாள் ஜெயசீலி.

"வேலைநிறுத்தத்தைப் பத்தி நான் ஒரு புத்தகம் போட்டேன்ல, முப்பத்திரண்டு பக்கம். அவளுக்கும் ஒண்ணு அனுப்பினேன். அவங்கப்பனை எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கேன், பதினோராம் பக்கத்துல! சிங்கம் மாதிரி எழுந்து 'தொடர்வோம்'னு முழங்கினார்னு. நன்றி சொல்லத்தான் போன் பண்றாள்னு எடுத்தேன்."

"சொன்னாங்களா?"

"'தோழர் மாமா, எங்கப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு'ன்னா. 'அன்னைக்குக் காலையில என்ன சொல்லப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்'னா. ஒம்பது வயசு அப்போ அவளுக்கு. அவளுக்கு என்ன தெரியும்? 'ஆதாரம் இருக்குது கண்ணு, டேப் இருக்குது, வந்து உன் காதால கேளு'ன்னேன். 'வர்றனுங்க'ன்னுட்டா."

"டேப்புல அப்படித்தான் இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து மேஜை மேலிருந்த திருகாணிகளை ஒதுக்கினார்.

"நான் பேசறது சுத்தமாக் கேக்குது. அவன் பேசற இடம் மட்டும் பானைக்குள்ள பேசற மாதிரி இருக்குது. ஆம்ப்ளிஃபையர் மாத்தியாச்சு. ஸ்பீக்கர் மாத்தியாச்சு. டெக்கு ஒண்ணுதான் பாக்கி. அதானே?"

"எந்த டேப்புங்க அது?"

"உங்கப்பா பதிவு பண்ணிக் குடுத்ததுதான்."

ஜெயசீலி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்."

மூன்று வருடங்களில் அவர் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

மில் தொழிலாளர்களின் பழைய லைன் வீடு. முன்னறை மட்டும் கொஞ்சம் பெரியது. சுவரில் ஊர்வலப் படங்கள். வாசற்பக்கம் இரண்டு வரிசையாக ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றுக்கு எதிரே, சுவரை ஒட்டி ஒரு மேஜை. மேஜை மேல் டெக்கும் ஆம்ப்ளிஃபையரும். மேஜையின் இரு பக்கமும் முன்னால் தள்ளி ஆளுயரப் பெட்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தபடி. பெட்டிகளுக்குப் பின்னால், மேஜைக்கும் சுவருக்கும் நடுவில், கைவைத்த மர நாற்காலி ஒன்று.

ஜெயசீலி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இத்தனை நாற்காலிக்கு ஆருங்க வருவாங்க?"

"முன்னெல்லாம் ஞாயிறு தவறாம வருவாங்க, பழைய தோழர்கள். கூட்டப் பேச்சைப் போட்டுக் காட்டுவேன். இப்போ எவன் வர்றான்? எல்லாம் விலை போயிட்டானுங்க."

"எல்லாருமா?"

"செத்தவன் போக."

"கடைசியா வந்தது?"

"கிட்டான். போன வருசம் ஆடியில. இந்த டேப்பைத்தான் போட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டான். முடிஞ்சதும் 'சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க தோழர்'ன்னான். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். அதோட சரி. என்னமோ குறை இருக்குது, சொல்ல மாட்டேங்கறான்னு எனக்குப் புரிஞ்சுது. அடுத்த வாரமே ஸ்பீக்கரை மாத்தினேன்."

"டேப்பைப் போடுங்க."

அவர் கேசட்டைப் போட்டுவிட்டு மர நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயசீலி அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டிகளின் முதுகு அவர்களைப் பார்த்திருந்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. தொழிலாளி வர்க்கம் பிச்சை கேட்கவில்லை என்று முப்பத்து மூன்று வயது நாச்சிமுத்து கர்ஜித்தார். எழுபத்தொரு வயது நாச்சிமுத்துவின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு சொல் பிந்தவில்லை.

ஓரிடத்தில் அவர் விரலை உயர்த்தினார். தூரத்தில் ஏதோ உருண்டது. ஒரு ஆண் குரல். பேச்சு என்று தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. உடனே மைக் குறுக்கே வந்தது. கைதட்டல்.

"பாத்தியா? பானைக்குள்ள."

ஜெயசீலி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

"திருப்பிப் போடுங்க."

போட்டார். அவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னொருக்கா."

மறுபடி போட்டார். அவள் வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

"டெக்குதானே?" என்றார் அவர்.

"தோழர், இங்க வாங்க."

"நான் இங்கதான் உக்காருவேன்."

"தெரியுதுங்க."

"ஸ்பீக்கர் ஜனங்களைப் பாத்துத்தான் இருக்கணும் அம்மிணி. நாப்பது வருசம் மேடையேறினவன் நான். எனக்கா சொல்லித்தர்றே?"

"அந்த நாப்பது வருசத்துல ஒரு நாளாவது ஹார்ன் ஸ்பீக்கருக்கு முன்னாடி நின்னு கேட்டிருக்கீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"பேசறவன் நான். நான் எப்படி முன்னாடி நிக்கறது?"

"எங்கப்பா ரெக்கார்டரை எங்க வெப்பாருன்னு தெரியுங்களா?"

"மேடையிலதான்."

"மேடையில வெச்சதே இல்லீங்க. கடைசி ஹார்ன் கட்டுன கம்பத்துக்கு அடியில, ஒரு செங்கல்லு மேல வெப்பாரு. கடைசி ஆளுக்கு என்ன கேக்குதுன்னு அவருக்குத் தெரியணும். வீட்டுல போட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்கு ஹார்னை ஏத்தறதா எறக்கறதான்னு முடிவு பண்ணுவாரு."

"அப்போ சின்னையன்..."

"அந்தக் கம்பத்துக்கிட்டத்தானுங்க நின்னிருக்காரு."

அவள் மேஜைக்குப் பின்னால் வந்தாள். அவர் எழுந்து நின்றார். மர நாற்காலி கனமானது. அதைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போனாள். சிவப்புக் காரைத் தரையில் நான்கு கோடுகள் விழுந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படி ஓரமாக, பெட்டிகளைப் பார்த்துப் போட்டாள்.

அவர் உடனே உட்காரவில்லை. நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஜெயசீலி பட்டனை அழுத்தினாள்.

முதலில் அவருடைய குரல்தான் வந்தது. அது அவருக்குத் தெரிந்த குரலாக இல்லை. மெலிந்து, உச்சத்தில் கிறீச்சிட்டது. இந்த முறை உதடுகள் அசையவில்லை. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை இருமியது. யாரோ ஒருத்தி தண்ணி இருக்குதாக்கா என்று கேட்டாள். இல்லை சாமி என்றாள் இன்னொருத்தி. பேச்சு முழுக்க அந்த இருமல் இருந்தது.

பிறகு, மிகப் பக்கத்தில், மைக் இல்லாத ஒரு குரல்.

"தோழர்... தோழர், போதுமுங்க. பாதி குடுக்கறேங்கறாங்கல்ல, வாங்கிக்கலாமுங்க. மிச்சத்துக்குப் பொறவு சண்டை போடலாம். எம் புள்ளைக்கு மூணு நாளா வெறும் நீத்தண்ணிதானுங்க..."

அதன் மேல் மேடை மைக்கின் குரல் விழுந்தது.

"பாருங்கள், தோழர் சின்னையனே சொல்லிவிட்டார், தொடர்வோம்!"

கைதட்டல். விசில். அதற்குள், ரெக்கார்டருக்கு ஒரு கை தூரத்தில், அதே குரல் தாழ்ந்து கேட்டது.

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"உக்காரப்பா," என்றது வேறொரு குரல். "தலைவர் பேசறாருல்ல."

மண்ணில் யாரோ உட்காரும் சத்தம். பேச்சு தொடர்ந்தது.

ஜெயசீலி நிறுத்தினாள்.

தெருவில் ஒரு ஆட்டோ போனது. நாச்சிமுத்து பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தூக்கினான்," என்றார். "நான் பாத்தேன். கை தூக்கினான்."

"தூக்கியிருப்பாருங்க."

"அங்கிருந்து எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"என்ன சொல்றீங்கன்னு திருப்பிக் கேட்டீங்களா?"

"கைதட்டிட்டாங்க."



அவர் முன்னால் குனிந்து, தமக்கு முன்னிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைத் தொட்டார்.

"கிட்டான் இதுலதான் உக்காருவான்." கொஞ்சம் பொறுத்து, "அப்போ அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கு," என்றார்.

"கேட்டிருக்குமுங்க."

"எல்லாருக்கும் கேட்டிருக்கு. வருசக்கணக்கா இதே டேப்பைப் போட்டிருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயைத் தொறந்து சொல்லலையே."

"உங்ககிட்டயா?" என்றாள் ஜெயசீலி.

மேஜையடியில் புத்தகக் கட்டு இருந்தது. அவர் போய் ஒன்றை உருவி எடுத்து, மறுபடி வாசற்படி நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தார். பதினோராம் பக்கத்தைப் பிரித்தார். வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். அன்று வாய்க்குள்ளேயே படித்தார். சிங்கம் என்ற சொல்லுக்கு வந்ததும் மூடிவிட்டார்.

"கஷ்டப்பட்டு எழுதினேன்," என்றார். "அவனைப் பெருமைப்படுத்தத்தான் எழுதினேன்."

ஜெயசீலி டெக்கிலிருந்து கேசட்டை எடுத்தாள். தளர்ந்திருந்த நாடாவைச் சுண்டு விரலால் சுற்றி இறுக்கினாள்.

"பழைய டேப்புத்தானே," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அறுந்துபோச்சுன்னு சொன்னா நம்புவா."

அவள் கேசட்டை அதன் பெட்டியில் போட்டு மூடினாள். கொண்டுவந்து அவர் மடியில், புத்தகத்தின் மேல் வைத்தாள்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். தேதி எழுதியிருந்தது. அருளப்பனின் கையெழுத்து. சேதி எதுவும் இல்லை, தேதி மட்டும்.

"டெக்கை மாத்தினா இன்னும் தெளிவாக் கேக்குமா?"

"கேக்குமுங்க."

"இதைவிடவா?"

"ஆமாங்க. பக்கத்துல நின்னவங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும்."

அவர் தலையை ஆட்டினார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

ஜெயசீலி வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள். அவர் எழுந்து வழியனுப்பவில்லை.

"வாத்தியாரம்மா."

நின்றாள். மூன்று வருடமாக அந்தச் சொல்லில் இருந்த கிண்டல் இன்று இல்லை.

"ஞாயித்துக்கிழமை அவ வந்து எதுக்க உக்காருவா. நான் என்ன பேசறது?"

ஜெயசீலி பெட்டிகளைப் பார்த்தாள். அவற்றுக்குப் பின்னால், மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"அந்த நாற்காலியை மட்டும் மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுறாதீங்க தோழர்," என்றாள்.